எண்பத்து நான்காம் டோக்கன்

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று சொல்வது தவறு. இதை முழுப் பொறுப்போடும் ஆழ்ந்த வருத்தத்தோடும் சொல்கிறேன். எந்தச் சுவையும் நாக்கில் எங்கே வைத்தாலும் தெரியும். நாக்கைக் கூறுபோட்டு ஆளுக்கொரு பட்டா எழுதிக் கொடுத்தவர்கள் அந்த வேலையைப் புத்தகப் படத்தில் செய்தார்களே தவிர நாக்குக்கு ஒரு தகவலும் அனுப்பவில்லை. நூறு வருடத்துக்கும் மேலாக அச்சிட்டு, பாகம் குறித்து, மனப்பாடம் செய்யவைத்து வரும் இந்தப் படத்தை, ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் முகம் பார்க்கும் கண்ணாடியும் உள்ள எவரும் இரண்டு நிமிடத்தில் கலைத்துவிடலாம். மனித குலம் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கவில்லை. நான் ஒதுக்கியவன். விலங்கியலில் முதுநிலைப் பட்டம் வாங்கியவன், பதினான்கு வருடமாக ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் எடுப்பவன். அப்படிப்பட்ட நான், திருமேனிநாதன், ஆசிரியர் தகுதித் தேர்வின் முப்பத்தேழாவது கேள்வியில், இனிப்பை உணரும் பகுதி எது என்று கேட்ட இடத்தில், ‘ஈ, நாக்கு முழுவதும்’ என்ற சரியான விடை கண்முன்னே நிற்க, அதைத் தெரியாதவன் போலக் கடந்து போய் ‘அ, நுனி’ என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அவர்கள் வெளியிட்ட விடைக்குறிப்பும் அ என்றுதான் சொல்கிறது. ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குத்தான் இப்போது பயந்துகொண்டிருக்கிறேன்.

“அறுபத்தி ஒண்ணு!” என்று கதவருகே நிற்பவர் கத்துகிறார். என் டோக்கன் எண்பத்து நான்கு. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டும். விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துக்கே உரிய சுண்ணாம்புக்கட்டி வாசனை. உள்ளே சான்றிதழ் சரிபார்ப்பு. மடியில் கோப்பு. கோப்பில் அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், ஆறு பாஸ்போர்ட் போட்டோ, கடைசியில் யாருக்கும் தெரியாதபடி, பச்சை டேக் போட்ட எட்டுப் பக்கக் கடிதம். ‘பொருள்: 67 மதிப்பெண்ணிலிருந்து 141 மதிப்பெண்ணுக்கு உயர்ந்தமை, விளக்கம் அளித்தல், தொடர்பாக.’ நூற்று ஐம்பதுக்குத் தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. போன தடவை அறுபத்தேழு, இந்தத் தடவை நூற்று நாற்பத்தொன்று. தேறாதவர்களுக்கு இரண்டே வாய்ப்பு, அதற்கு மேல் பள்ளியில் இடமில்லை என்று உத்தரவு. எனக்கு இது இரண்டாவது. ஆகவே உள்ளே இருக்கும் மேஜையில் யாராவது ஒருவர் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, “அதெப்படி?” என்று கேட்டால் தீர்ந்தது. தொண்ணூற்றைந்து வாங்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தொண்ணூற்றைந்து எவ்வளவு அழகான எண், எவ்வளவு அடக்கமான எண், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் வெளியே வந்துவிடும். எழுபத்து நான்கு மதிப்பெண் ஒரேயடியாக ஏறுவது படிப்பால் நடப்பதில்லை. நானே விடைத்தாள் திருத்துகிறவன். அரையாண்டில் இருபது வாங்கியவன் முழுப் பரீட்சையில் எண்பது வாங்கினால் முதலில் பக்கத்துப் பையனின் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பேன். பார்த்திருக்கிறேன். இரண்டு தாளிலும் ஒரே தப்பு இருந்தால் பிடித்துவிடலாம். சரியான விடை யாருக்கும் தெரியலாம், தப்பு மட்டும்தான் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகும். இதை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

அந்த அறுபத்தேழு ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? வெட்கக்கேடு. அறுபத்தொரு கேள்விகளுக்கு நான் விடையே எழுதவில்லை. தெரியாமல் இல்லை. தந்திருந்த நான்கு விடைகளில் ஒன்றாவது முழுமையாகச் சரியாக இருந்தால் அல்லவா எழுதுவதற்கு? சிலவற்றில் கேள்வியே தவறு, சிலவற்றில் விடை பாதி சரி, சிலவற்றில் எது சரி என்பது எந்த ஊர், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. பொய்யான வட்டத்தைக் கறுப்பாக்குவதைவிட வெள்ளையாக விட்டுவிடுவது மரியாதை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவி மங்களேஸ்வரியிடம் சொன்னபோது அவள் இடியாப்ப உரலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “தப்பா எழுதுனா மார்க்கக் குறைப்பாங்களா?” இல்லை என்றேன். “அப்ப கண்ண மூடிட்டு ஒண்ணக் கறுப்பாக்குறதுக்கு ஒங்களுக்கு என்ன வலிக்குது?” என்றாள். அவள் அப்போது கோபத்தில் சொன்னாள். எனக்குப் பயம் அப்புறம்தான் வந்தது, ஏதோ ஒரு மாநிலத்தில் நடந்ததாகப் பேப்பரில் படித்தபோது: ஏற்பாடு செய்துகொண்டவர்கள் விடைத்தாளில் வட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வருவார்களாம், பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்புவாராம். காலியாக விடுவதுதான் அடையாளம். அறுபத்தொன்று காலி. என் நேர்மையின் பத்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தாள், பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ‘ஏற்பாடு செய்திருக்கிறான், நிரப்புகிறவன் அன்றைக்கு லீவு. அடுத்த தடவை லீவு போடவில்லை.’

“அறுபத்தி ஆறு! அறுபத்தி ஆறு வந்தாச்சா?” நேரம் சீக்கிரம் போகிறதா மெதுவாகப் போகிறதா என்று தெரியவில்லை. சட்டைப் பையில் அந்தப் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது. அதுவும் ஒரு வம்பு. தொண்ணூற்றிரண்டாவது கேள்வி வரைக்கும் என் பேனா எழுதியது, பிறகு நின்றுவிட்டது. உதறினேன், ஊதினேன், உள்ளங்கையில் கிறுக்கினேன். தேர்வறைக் கண்காணிப்பாளர் ஓர் இளம்பெண், பாவம், தன் பேனாவைக் கொடுத்தார். மிச்சம் ஐம்பத்தெட்டு வட்டமும் அவருடைய பேனா. இரண்டும் கறுப்புதான், ஆனால் கறுப்பில் எத்தனை கறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். முதல் தொண்ணூற்றிரண்டு கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு, அடுத்த ஐம்பத்தெட்டு எண்ணெய்க் கறுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், இங்கே ஒரு கை, இங்கே வேறொரு கை என்று. திருப்பிக் கொடுக்க மறந்து கொண்டுவந்த பேனாவை நான்கு மாதமாகத் தொடாமல் வைத்திருக்கிறேன். ஒரு கோடு கிழித்ததில்லை. அது என் சாட்சி. ஆனால் சாட்சியை நான்கு மாதம் பத்திரமாக வைத்திருப்பவன் எப்படிப்பட்ட ஆள்? ஒன்றும் செய்யாதவன் சாட்சி சேகரிப்பானா? எந்தக் கடையில சார் வாங்குனீங்க. மறுபடியும் அந்த வரி. முடிவு வந்த மறுநாள் தலைமையாசிரியர் அருளப்பன், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என்ன திருமேனி சார், போன வருசம் அறுபத்தேழு, இந்த வருசம் நூத்தி நாப்பத்தொண்ணு. எந்தக் கடையில சார் வாங்குனீங்க? சொன்னா நாங்களும் போவோம்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்தது ஒரு நொடி பிந்திவிட்டது, அதை உடற்பயிற்சி ஆசிரியர் கவனித்துவிட்டார். அல்லது கவனிக்கவில்லை, ஏலக்காய்த் தோலைத் துப்ப இடம் தேடினார். எது என்று இன்றுவரை தெரியவில்லை.

எந்தக் கடையிலும் வாங்கவில்லை. கொடியில் தொங்கிய துணிக் கிளிப்புகள்தான் செய்தன. ஒரு வருடம் முழுக்க மங்களேஸ்வரி ஒரு பழைய கைடைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். “பச்சோந்தி ஏன் நிறம் மாறும்?” “ஆனால் அது சூழலுக்காக மாறுவதில்லை மங்களம், வெயில், கோபம், பயம்...” உடனே ஒரு கிளிப்பை எடுத்து என் பனியனில் மாட்டுவாள். ‘ஆனால்’ என்றால் ஒரு கிளிப். அதுதான் விதி. “ஒங்ககிட்ட உண்மைய யாரு கேட்டா? அவங்க என்ன சொல்லச் சொல்றாங்களோ அதச் சொல்லுங்க. வேலை நிலைச்சப்புறம் ராத்திரி பகலா உண்மையச் சொல்லுங்க, நான் வேண்டாங்கல.” முதல் மாதம் ஒரு நாளைக்கு நாற்பது கிளிப். கடைத்தெருவுக்குப் போய்வந்த பிறகு முதுகில் ஏழு இருந்தன என்று கண்டுபிடித்தேன், யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் பத்து. மார்ச்சில் ஒரு நாள் ஒன்றுகூட இல்லை, அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள். நான் நாக்கின் ஓரத்தில் வைத்துச் சுவைத்தேன், இனித்தது, ஒன்றும் சொல்லவில்லை. தேர்வறையில் கேள்வித்தாளைத் திறந்தால் அந்தக் கைடு அப்படியே எழுந்து உட்கார்ந்திருந்தது. நாக்கு, வௌவால், பச்சோந்தி. வௌவாலுக்குக் கண் தெரியாதாம். அதற்குக் கண் நன்றாகவே தெரியும், இதைப் பிறகு தனியாகப் பேச வேண்டும். மொத்தம் ஆறு கேள்விகள். ஆறிலும் விடைக்குறிப்பு தவறு, ஆறிலும் அதே தவறு என்னிடம். இப்போது எனக்கு எதிராக நானே வாதாடுகிறேன்: விலங்கியல் முதுநிலை, ஐயா. வௌவாலுக்குக் கண் தெரியும் என்று அறியாதவனா? அறிந்தவன் எப்படி ஆறு இடத்திலும் சரியானதை விட்டுவிட்டு, கவனியுங்கள், ஏதோ ஒரு தவறை அல்ல, உங்கள் விடைக்குறிப்பில் உள்ள அதே தவறைத் தொட்டான்? விடைக்குறிப்பை முன்பே பார்த்தவனால்தான் முடியும். தப்பு மட்டும்தான் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகும். இதற்குத்தான் கடிதம். முதல் இரண்டு பக்கம் என் நிலைமை. மீதி ஆறு பக்கம், கேள்விக்கு ஒரு பக்கம், சரியான விடை எது, எந்த நூலில் எந்தப் பக்கம், எனக்கு இது முன்பே தெரியும், தெரிந்தே மாற்றி எழுதினேன். மங்களேஸ்வரி பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாள்: “கேக்காமக் குடுத்துறாதீங்க. ஒரு தடவ கேட்டாலும் குடுக்காதீங்க. ரெண்டாந்தடவ கேட்டா மட்டும் குடுங்க.”

“சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? வெயில் அடிக்குது.” பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், எண்பத்தைந்தாம் டோக்கனை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கிறாள். தள்ளிக்கொள்கிறேன். எஸ்தர் கனகமணி என்று பெயர் சொல்கிறாள், அருப்புக்கோட்டைப் பக்கம், ஒன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேலை. “நீங்க எவ்வளவு சார்?” “பாஸ்தான்,” என்கிறேன். “நானும் பாஸ்தான் சார். தொண்ணூத்தி ஒண்ணு. ஒரு மார்க்கு உபரி. அத எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன், அவரு டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவ பெயில்.” சிரிக்கிறாள். கைப்பையிலிருந்து தேன் மிட்டாய் எடுத்து நீட்டுகிறாள். “சாப்பிடுங்க சார், மூஞ்சி வெளுத்திருக்கு.” வாங்கிக்கொள்கிறேன். வெளுத்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியும். மிட்டாயை அடிநாக்கில் வைக்கிறேன், கசப்புக்கென்று ஒதுக்கிய இடத்தில். இனிக்கிறது. ஓரத்துக்குத் தள்ளுகிறேன், இனிக்கிறது. உலகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, விடைக்குறிப்புதான் சரியில்லை, அதன்படி எழுதியவன் மாட்டப்போகிறான். அவள் பேசிக்கொண்டே போகிறாள்: “அறிவியல் இல்லன்னா நான் போயிருப்பேன் சார். எனக்குக் கணக்கு வராது. அந்த நாக்கு, வௌவால், அப்படி அஞ்சு கேள்வி ஒரு பழைய கைடுல வரி மாறாம இருந்துச்சு. அரிசி களையறப்ப, பாத்திரம் தேய்க்கிறப்ப, வாயில சொல்லிக்கிட்டே இருந்தேன். மாமியா கேக்குறாங்க, என்ன இவ வௌவாலுக்கு ஜெபம் பண்றாளான்னு.” “ம்,” என்கிறேன். என் கண் எதிர்ச் சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு அறிவிப்பு, நான்கு மூலையிலும் பசை வழிந்து காய்ந்திருக்கிறது: ‘மதிப்பெண் பட்டியல் தற்காலிகமானது. விடைக்குறிப்பு மீதான ஆட்சேபங்கள் சான்றிதழ் சரிபார்ப்பின் இறுதி நாள் வரை நேரில் பெறப்படும்.’ இறுதி நாள் இன்று. எனக்கு அந்த அறிவிப்போடு சம்பந்தமில்லை. எதைக் கண்டாலும் படித்துவிடுவது என் பழக்கம், அவ்வளவுதான்.

“எழுபத்தி ஒம்பது!” கால் மரத்துவிட்டது. கேட்டால் என்ன செய்வது என்று மறுபடியும் நடத்திப் பார்க்கிறேன். அவர்: “போன தடவ அறுபத்தேழா?” நான்: “ஆம் ஐயா.” இல்லை, ‘ஆமாங்க’ போதும், ‘ஆம் ஐயா’ என்றால் நாடகம் மாதிரி இருக்கும். அவர்: “இப்ப நூத்தி நாப்பத்தொண்ணு. எப்படி?” நான்: “படித்தேன்.” இது உண்மை, ஆனால் எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான். ஆனால். பார், ஒரு நினைப்புக்குள் எத்தனை ஆனால், மங்களேஸ்வரி இருந்தால் சட்டையெல்லாம் கிளிப். அவர்: “ஒக்காருங்க.” உட்காரச் சொன்னால் ஆபத்து. யாரையோ போனில் கூப்பிடுவார். என் தாளை வரவழைப்பார்கள், வெயிலில் பிடிப்பார்கள், இரண்டு கறுப்பு. பள்ளிக்குக் கடிதம் போகும். அருளப்பன் அதைப் பிரிக்கும்போது டீ நேரமாக இருக்கும். நாற்பத்து நான்கு வயதில் நான் வேறு என்ன வேலைக்குப் போக முடியும்? எது சரி என்று சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, அதற்குத் தனியாகச் சம்பளம் தருகிறவர்கள் யாரும் இல்லை. எழுந்து போய்விடலாமா? போனால் ஓடினான் என்பார்கள். எஸ்தர் கனகமணி இரண்டாவது மிட்டாயை உரித்துக்கொண்டு சொல்கிறாள், “பயப்படாதீங்க சார், உள்ள போனா ஒரிஜினல் பாப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க, அம்புட்டுத்தான்.” நான் பயப்படுகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது?

“எண்பத்தி நாலு!” மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மா, ஐம்பது வயது, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், முன்னால் ஒரு பட்டியல். மூக்குக்கண்ணாடி ஏற்கெனவே மூக்கின் நுனியில்தான் இருக்கிறது, இறக்குவதற்கு இடமில்லை. சான்றிதழைப் பார்க்கிறார், நகலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், போட்டோவைப் பார்க்கிறார். பட்டியலில் விரல் இறங்குகிறது. நூற்று நாற்பத்தொன்றில் விரல் நிற்கிறது. நிற்கிறதா, இல்லை அங்கே ஒரு டிக் போட இடம் பார்க்கிறதா? “பேனா இருக்கா? என்னோடது எழுதல.” சாட்சியை எடுத்துக் கொடுக்கிறேன். அதே எண்ணெய்க் கறுப்பில் டிக் போடுகிறார். நான்கு மாதம் காத்துவைத்த முதல் கோடு. “வேற எதும் இருக்கா?” ஒன்று. எண்ணிக்கொண்டேன், ஒன்று. “இல்லைங்க மேடம்,” என்றேன். சான்றிதழ்களை அடுக்கி, ஓரத்தை மேஜையில் தட்டிச் சமப்படுத்தி, கோப்பில் வைக்கப் போனவர் அங்கே பச்சை டேக்கைப் பார்த்துவிட்டார். “வேற?” என்றார். இரண்டு. நீட்டிவிட்டேன். முதல் பக்கத்தை விட்டு நேராக நடுவில் பிரித்தார். கேள்வி முப்பத்தேழு, நாக்கு, நூற்பெயர், பக்க எண். புரட்டினார், வௌவால். “ஆட்சேபமா?” என்றார், தலையைத் தூக்கி. இல்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பார். பின்னே என்ன என்பதற்கு என்னிடம் இருந்த பதில் முதல் இரண்டு பக்கத்தில், அறுபத்தேழில் ஆரம்பித்து, அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. “ஆமாங்க மேடம், ஆட்சேபம்தான்,” என்றேன். “கடைசி நாள்ல கொண்டாறீங்களே சார். இந்த முதல் ரெண்டு ஷீட் என்ன?” “முன்னுரை மேடம்.” “முன்னுரையெல்லாம் யாரு படிக்கப் போறா, எடுத்துக்கங்க.” டேக்கைக் கழற்றி அந்த இரண்டு தாளையும் என்னிடம் கொடுத்தார். மீதி ஆறிலும் ‘பெறப்பட்டது’ முத்திரை, ஆறு தடவை, கீழே என் சாட்சியால் கையெழுத்து. பேனாவைத் தன் பைக்குள் செருகிக்கொண்டார். நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை. ஒருவரும் கேட்கவில்லை! அந்த ஆறு மதிப்பெண்ணும் போனால் நூற்று முப்பத்தைந்து; எழுபத்து நான்கு தாவல் அறுபத்தெட்டாகச் சுருங்கும், பார்வைக்கே கொஞ்சம் அடக்கமாக இருக்கும். தவிர, நாக்குக்கு ஒரு நியாயம் கிடைக்கும். வாசலில் எஸ்தர் கனகமணி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். “நான் சொல்லலையா சார்? ஒண்ணும் கேக்கலல்ல?” என்றாள். “ஒண்ணும் கேக்கல,” என்றேன். இன்னொரு தேன் மிட்டாய் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இருபத்திரண்டாம் நாள் திருத்திய பட்டியல் வந்தது. ஆறு ஆட்சேபங்களும் ஏற்கப்பட்டிருந்தன. திருமேனிநாதன், நூற்று முப்பத்தைந்து. அதற்கு அடுத்த வரியில் எஸ்தர் கனகமணி, எண்பத்தாறு.